இழுத்த மூச்சு

முப்பத்திரண்டு படிகளையும் மாடசாமி எங்கேயும் நிற்காமல் ஏறிவிட்டார். ஆட்டோவை அனுப்பிவிட்டு, ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய வெள்ளை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி வந்த ஜெயமணிக்குப் பாதி வழியில்தான் அது உறைத்தது. ஆறு மாதமாக அவர் பதினாறாவது படியில் நிற்பார். சுவரில் கையை ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு, துருத்தி ஊதுவது போல நாலைந்து முறை மூச்சு வாங்கிய பிறகுதான் மீதிப் படிகள். அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு அந்த இடத்துச் சுண்ணாம்பில் ஒரு கறுத்த தடமே விழுந்திருந்தது. இன்று அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தபோது மேலே நின்று பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, மெல்ல ஏறப்படாதா? இப்பத்தான டாக்டர் சொன்னாரு?"

அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார். உதடு பிரியாத சிரிப்பு. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஜெயமணிக்குத்தான் இரைத்தது. இரைக்க இரைக்க அவள் தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டாள்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள் இருவரும். ஓசூர் சிப்காட்டில், தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மாடசாமி வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஸ்வாதி சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பாகலூர் சாலையை ஒட்டிய சந்தில், கீழே நாலு குடித்தனம், மேலே இவர்களும் மாரம்மாவும். ஆனி மாதத்தில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், சந்தேகமாக இருக்கிறது, பெங்களூர் போய் ஆஞ்சியோ செய்துவிடுங்கள் என்றார். தொடை வழியாகக் குழாயை விட்டு இதயம் வரைக்கும் கொண்டுபோவார்கள் என்று கேட்டதும் ஜெயமணி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். அப்போதுதான் அந்தப் புது ஸ்கேன் சென்டரைப் பற்றி டாக்டரே சொன்னார். குழாய் வேண்டாம், கத்தி வேண்டாம். படுத்து எழுந்தால் இதயத்து ரத்தக்குழாயில் எங்கே சுருக்கம் என்று படத்திலேயே தெரிந்துவிடும்.

"குகைக்குள்ள படுக்கப் போட்ட மாதிரி இருக்கும்ளா. எனக்கு வேண்டாம்" என்றார் மாடசாமி.

"ஒரு நிமிஷ வேலைதானங்க" என்று அவள்தான் மல்லுக்கட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்கிற சிவராஜ் கெலமங்கலத்துப் பையன். முப்பது வயதிருக்கும். கதிர் பட்டால் வேறு வியாதி வருமாமே என்று ஜெயமணி கேட்டதும், வேலையை நிறுத்திவிட்டு அவளுக்கு விளக்கினான்.

"பழைய மெஷின்ல கதிர் விடாம எரிஞ்சிட்டே இருக்குங்க்கா. இது அப்படி இல்ல. இதயம் துடிக்குது பாருங்க, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவால கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மெஷின் அதையே பாத்துட்டு இருந்து, அந்த நேரத்துல மட்டும் கண்ணைத் திறந்து மூடிக்கும். அதனால கதிர் ரொம்பக் கம்மி. அண்ணன் மூச்சு மட்டும் ஆடாம இருக்கணும். அவ்வளவுதான்."

நாடித்துடிப்பு குறைய ஒரு மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அறுபத்திரண்டுக்கு இறங்கியதும் உள்ளே அழைத்துப் போனார்கள். சிவராஜ் இரண்டு முறை தானே வாயால் சொல்லி மூச்சை இழுக்கவும் விடவும் பழக்கினான். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயமணிக்கு, கதவுக்குப் பின்னால் எதுவோ சுழன்று வேகமெடுக்கும் இரைச்சலும், அதற்கு மேலாக, பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரலும் கேட்டன. நிதானமான, குளிர்ந்த குரல்.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க."

ஜெயமணியும் தன்னையறியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பத்து எண்ணினாள். பதினைந்து. இரைச்சல் மெல்ல அடங்கியது. அந்தப் பெண் வேறொன்றும் சொல்லவில்லை. இருபத்தைந்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் ஜெயமணி மூச்சை விட்டுவிட்டாள். கதவு திறந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக மாடசாமி வெளியே வந்தார். ஒரு குழாயில் முப்பது சதவீதம் சுருக்கம், மாத்திரை போதும் என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னபோது, ஜெயமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது செவ்வாய்க்கிழமை.

அன்று சாயங்காலம் டீ கொடுத்தாள். மாடசாமிக்கு எப்போதும் கொதிக்கக் கொதிக்க வேண்டும். தம்ளர் விளிம்பில் வாயைக் குவித்து ஊதி ஊதி அவர் குடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். இன்றைக்கு ஊதவில்லை. மடியில் தம்ளரை வைத்துக்கொண்டு, ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை மார்பில் இறுகிப் பொத்தான்களுக்கு நடுவே பிளந்து நின்றது. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார், தெம்பு வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஜன்னல் வழியாக மார்கழி வெயில் அவர் காலில் விழுந்திருந்தது. கீழே யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம், தூரத்தில் ரயில்வே கேட்டில் லாரிகளின் ஹாரன், மாரம்மா வீட்டு ரேடியோவில் கன்னடச் செய்தி. இத்தனைக்கும் நடுவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜெயமணிக்கு வீட்டில் ஏதோ ஒன்று நின்றுவிட்டது போல இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஓடியது. மின்விசிறி போடவில்லை. குழாய் மூடித்தான் இருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தபோது அது என்னவென்று புரிந்தது. அவருடைய குறட்டை. இருபத்திரண்டு வருடமாக அவர் தலை சாய்ந்த இரண்டாவது நிமிடம் தொடங்குகிற அந்த மரம் அறுக்கிற சத்தம்.

பக்கத்தில் போய்க் குந்தினாள். மல்லாந்து படுத்திருந்தார். போட்டிருந்த வெள்ளை பனியனில் ஒரு சுருக்கம் அசையவில்லை. அவள் அந்தச் சுருக்கத்தையே பார்த்தாள். துணி துவைக்கும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரைக்கும் விழுந்தது. சுருக்கம் அப்படியே இருந்தது.

"ஏங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். மாடசாமி உடனே கண்ணைத் திறந்தார். தூக்கத்திலிருந்து எழுந்தவர் கண் மாதிரி இல்லை.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. தூங்குதீங்களோன்னு பாத்தேன்."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஜெயமணி அரிசியிடம் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாத்திரை வேலை செய்கிறது என்றும் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஷிப்ட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். விடிந்தும் விடியாத நேரம், ஓசூர்க் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியது. அடையாள அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்ததைப் பார்த்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு அவள் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். சந்து முனையில் கம்பெனி பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் தெருவிளக்கின் கீழே நின்றிருந்தார்கள். பனியில் எல்லோர் வாயிலிருந்தும் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. ஒருவன் சிரித்தால் மேகம் போல மொத்தமாக வந்தது. சும்மா நின்றவர்களின் மூக்கிலிருந்து நூல் நூலாக வந்தது. தெருநாய்க்குக்கூட வந்தது. அவர்களுக்கு நடுவில் மாடசாமி நின்றிருந்தார். அவர் முகத்துக்கு முன்னால் காற்று சுத்தமாக இருந்தது.

ஜெயமணி அட்டையை நீட்டினாள். "ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார்.

பஸ் வந்தது.

அன்று மத்தியானம் அவர் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் ஸ்வாதி போன் செய்தாள். மகளென்றால் மாடசாமிக்கு உயிர். அவளிடம் பேசாமல் இருக்க அவரால் முடியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கேம்மா, ஒண்ணும் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க, நீ பரீட்சைக்குப் படி, காலையில வெறும் வயித்தோட போகாத, அம்மாவும் நல்லா இருக்கா என்று பேசிக்கொண்டே போனார். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் இன்னொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்தச் சிறு இடைவெளி, அந்த உள்ளிழுப்பு, எங்குமே இல்லை. நூல்கண்டு உருண்டு அவிழ்வது போலச் சொற்கள் வந்தன. அடுப்படி வாசலில் நின்ற ஜெயமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பேசப் பேச, இறுகியிருந்த சட்டை மெல்லத் தளர்ந்தது. பிளந்து நின்ற பொத்தான் பட்டை மூடிக்கொண்டது. போனை வைத்தபோது தோள்பட்டைக்கு மேலே, கழுத்தெலும்பின் இரண்டு பக்கமும், விரல் நுழைகிற அளவு குழி விழுந்திருந்தது.

மாடசாமி குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

ஜெயமணி அவர் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். வலது கையால் அவர் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினாள். இறுக்கமாக. அவர் தடுக்கவில்லை. அவள் கைக்கு மேலே அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐம்பது எண்ணினாள். நூறு எண்ணினாள். கன்னம் சிவக்கவில்லை, கை உதறவில்லை. இருநூறில் அவள் குரல் உடைந்தது. கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

"அந்தப் பொம்பள சொல்லல, ஜெயா" என்றார் மாடசாமி.

"எந்தப் பொம்பள?"

"மெஷின்ல. விடச் சொல்லல."

"நான் சொல்லுதேன். விடுங்க. மூச்ச விடுங்க!"

அவர் முயன்றார். வாயைத் திறந்தார். தொண்டையில் நரம்பு புடைத்தது. உதடு கோணியது. ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவில்லை. அவள் முதுகில் குத்தினாள். நெஞ்சைப் பிடித்து அமுக்கினாள். அழுதுகொண்டே, விடுங்க விடுங்க என்று கத்தினாள். மாடசாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு விரலைத் தூக்கி உதட்டில் வைத்து, பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோய், கொஞ்சம்தான் இருக்கிறது என்பது போலச் சைகை காட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஒரு சொல் பேசவில்லை.

சத்தம் கேட்டு மாரம்மா எட்டிப் பார்த்தாள். "ஏம்மா ஜெயமணி, என்ன ஆச்சு? அண்ணனுக்கு மேலுக்கு முடியலியா?"

"ஸ்கேன் எடுத்துட்டு வந்ததுல இருந்து ஒரு மாதிரியா இருக்காரு மாரம்மா."

"அதே கதைதானா உன்னுதும்?" மாரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எங்க மச்சினன் முனிவேல் இருக்கான்ல, உத்தனப்பள்ளிக்காரன், போன வாரம் அங்கதான் போயி எடுத்தான். வந்ததுல இருந்து வாயே தொறக்கறதில்லயாம். தக்காளித் தோட்டத்துல போயி ஒக்காந்துக்கறானாம். சோறு வச்சா திங்கறான். பேச்சு மட்டும் கிடையாது. பொண்டாட்டி அழுவுறா."

ஜெயமணி மாடசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவரைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். வயதானவர். நாடி பார்த்தார், அறுபத்திரண்டு, நல்லா இருக்கு என்றார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து, இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். கருவியை விரலால் தட்டிப் பார்த்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி இடம் மாற்றினார். மார்புக்கு வந்தார். பிறகு காதிலிருந்து அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நீங்க ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போங்க" என்றார்.

"என்ன டாக்டர், என்ன செய்யுது இவருக்கு?"

"அங்கேயே போங்கம்மா. கதவைத் திறந்து வச்சுட்டுப் போங்க."

தெருவில் நின்றுகொண்டே அவள் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டாள். சிவராஜே எடுத்தான். அவனுக்கு நினைவிருந்தது.

"ஆமாங்க்கா, அன்னிக்கு அந்த வாய்ஸ் பாதியில நின்னுடுச்சு. படம் சுத்தமா வந்துச்சு, அதனால பிரச்சினை இல்ல. பத்து நாளாவே அப்படித்தான். கரண்டு ஒருவாட்டி ஏறி இறங்குச்சு, அதுல இருந்து பின்பாதி பேச மாட்டேங்குது. இன்ஜினியர் வரணும்."

"விடச் சொல்லலைன்னா எப்படிங்க தம்பி?"

அவன் சிரித்தான். சிரிப்புக்கு முன்னும் பின்னும் அவன் மூச்சு போனில் புஸ்ஸென்று விழுந்தது. அந்தச் சத்தம் ஜெயமணிக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! "சொல்லணுமாங்க்கா? முடியலைன்னா தானா விட்டுட மாட்டாங்களா?"

"இவரு விடல."

போனில் அவன் எழுந்து ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தம்பி?"

"இன்னும் ரெண்டு மூணு பேரு வீட்டுல இருந்து போன் வந்துச்சு" என்றான் சிவராஜ். சிரிப்பு போயிருந்தது. "சரி, ஒண்ணு பண்றேன். அது எங்க ரிசப்ஷன்ல இருக்கற அருணாவோட வாய்ஸ்தான். நான்தான் பதிஞ்சேன். இன்னிக்கு வேலை முடிஞ்சதும், கதிர் போடாம, வெறும் வாய்ஸை ஓட்டி, நானே படுத்துப் பாத்துடறேன். அவளையும் படுக்கச் சொல்றேன். நீங்க அண்ணனை நாளைக்கு அஞ்சு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அருணா நேர்லயே சொல்லிடட்டும். சரியாப் போயிடும்."

அருணா நேரில் சொல்வாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜெயமணி இரவைக் கழித்தாள்.

சனிக்கிழமை மாடசாமி நடந்தபோது சட்டை கொடியில் தொங்குவது போல ஆடியது. கன்னம் உள்ளே போயிருந்தது. விலா எலும்புகள் துணிக்கு மேலாகவே தெரிந்தன. ஆட்டோவில் அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சூடாகத்தான் இருந்தது. நாடி துடித்தது. நிதானமாக, ஒழுங்காக.

ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் டிவி இரைச்சல் முகத்தில் அடித்தது. ஏதோ ஒரு பாட்டு நிகழ்ச்சி, முழுச் சத்தத்தில். ஹாலில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மருந்து வாடையோடு சேர்ந்து, நாள்கணக்கில் மூடியே கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. யாரும் டிவியைப் பார்க்கவில்லை. ஒரு கிழவர், தலையில் மல்லிகை வைத்த ஒரு நடுவயதுப் பெண், கம்பெனிச் சட்டையோடு இரண்டு பேர், முட்டி வரை மண் ஒட்டிய வேட்டியோடு ஒரு விவசாயி. முழங்கை மடிப்பில் பஞ்சு, பிளாஸ்திரி. ஒவ்வொருவருக்கும். மாரம்மா வீட்டுக் கல்யாணத்தில் பார்த்த முகம் ஒன்றும் அங்கே இருந்தது. முனிவேல்.

ஜெயமணி நேராக ரிசப்ஷனுக்குப் போனாள். "அருணா நீங்கதானம்மா? சிவராஜ் தம்பி சொல்லியிருப்பாரு. எங்க வீட்டுக்காரரு. அந்தப் பின்பாதிய மட்டும், மூச்ச விடுங்கன்னு ஒருக்கா சொல்லிடுங்க. உங்க வாயால. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உதடுகள் மூடின, குவிந்தன, பிரிந்தன. டிவி சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்து ஜெயமணி மேஜைமேல் சாய்ந்து காதைக் கொடுத்தாள்.

"கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா."

மறுபடி உதடுகள் அசைந்தன. ஜெயமணியின் காது அவள் வாய்க்கு நாலு விரல்கடைதான் தள்ளி இருந்தது. சூடாக எதுவும் படவில்லை.

அருணா ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினாள்.

நிசப்தம்.

முதலில் ஜெயமணிக்கு அது வெறும் நிசப்தம் என்றுதான் பட்டது. பிறகு அதற்குள் ஒரு சத்தம் இருப்பது கேட்டது. சொரசொரவென்று, ஏறி இறங்கி. யாரோ மூச்சு விடுகிறார்கள். ஒருவர்தான். எங்கிருந்து என்று தேடித் திரும்பினாள். அவள் திரும்பியதும் அந்தச் சத்தமும் அவளோடு திரும்பியது.

அவளுடையது.

இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில் அது ஒன்றுதான்.

கடைசி வரிசையில் சிவராஜ் இருந்தான். நீலக் கோட்டோடு. கையை மடியில் வைத்துக்கொண்டு. அவள் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். மற்றவர்கள் தாழ்த்தவில்லை. ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், முகங்கள் அவள் பக்கம் திரும்பின. கோபமில்லை. பகையில்லை. நாவறண்டு கிடக்கிறவர்கள், எதிரே ஒருவன் செம்பைத் தூக்கி மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஜெயமணி பின்னால் நகர்ந்தாள். பயத்தில் இழுத்த மூச்சு நெஞ்சு முட்ட நின்றது. பிறகு விட்டாள்.

ஹால் முழுவதும் மார்புகள் உயர்ந்தன.

மெதுவாக. ஒரே சமயத்தில். பதினான்கு பேர். மல்லிகை வைத்த பெண்ணின் மூக்கு விடைத்தது. கிழவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அவள் மாடசாமியைப் பார்த்தாள். கழுத்தெலும்புக் குழி கொஞ்சம் நிரம்பியிருந்தது. கன்னத்தில் ஒரு பொட்டு நிறம் வந்திருந்தது.

"ஜெயா" என்றார். முந்தாநாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் சொல். "இங்க இருக்காத. ஓடிரு."

அந்த நாலு சொல்லில் குழி மறுபடி விழுந்தது. முன்னைவிட ஆழமாக.

கண்ணாடிக் கதவு ஐந்தடியில் இருந்தது. வெளியே வெளிச்சம். ஆட்டோக்கள். ஒரு பூக்காரி. ஜெயமணி கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னவரை ஒரு நிமிஷ வேலை என்று கூட்டி வந்தது அவள்தான்.

அவர் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். இழுத்தாள். இந்த முறை முழுதாக வரவில்லை. விலாவுக்குக் கீழே எங்கேயோ தட்டி நின்றுவிட்டது. வந்ததை விட்டாள். அவருக்கு. அவருக்கு மட்டும்.

எல்லா மார்பும் உயர்ந்தது.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. முன்வரிசை எழுந்து கொஞ்சம் நெருங்கி வந்து நின்றது. தள்ளவில்லை, தொடவில்லை. முனிவேல் கைகூப்பினான்.

இழுத்தாள். பாதிதான் வந்தது.

விட்டாள்.

மாடசாமியின் கண் ஓரத்தில் ஈரம் மின்னியது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். அசைத்துக்கொண்டே, தன்னையும் மீறி, அவள் வாய்க்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

கதவு திறந்த சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது. காலடிகள். முழங்கையில் பிளாஸ்திரியோடு ஒருவர் உள்ளே வந்து, கதவைப் பத்திரமாகச் சாத்திவிட்டு, நாற்காலியைத் தேடாமல் சுவரோரமாக நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படிகளில், பெண்களும் ஆண்களுமாக வரிசை தெரு வரைக்கும் போயிருந்தது. ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் முண்டியடிக்கவில்லை. எல்லோரும் ஜெயமணியின் முதுகையே பார்த்தபடி, அடுத்த முறை அவள் விடுவதற்காகக் காத்து நின்றார்கள்.